புதுக்கருவியை மக்கள் ஏற்பது எவ்வாறு?

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் தரும் பாடம்

ஒரு கருவி பயனுடையது என்பதை ஆராய்ச்சிக் கூடத்தில் நிறுவுவது வேறு. அக்கருவி மக்களுடைய கைகளில் அன்றாடம் புழங்குவது வேறு. முன்னது விஞ்ஞானியின் வேலை. பின்னது பெரும்பாலும் கள ஊழியர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்த வேலை. புதிய சாதனம் ஒன்றை ஊருக்குக் கொண்டுசென்று, கூட்டம் கூட்டி, விளக்கிக் காட்டி, ஆறு திங்கள் கழித்துத் திரும்பிச் சென்று பார்க்கையில் அது மூலையில் தூசு படிந்து கிடப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அப்போது, “மக்கள் அறியாமையால் ஏற்க மறுக்கின்றனர்” என்று நாட்குறிப்பில் எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதுவது பல சமயங்களில் பிழையாகும் என்பதையும், ஏற்பதற்கும் மறுப்பதற்கும் மக்களிடம் தக்க காரணங்கள் உள என்பதையும், அவற்றைக் கண்டறியும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘டிஜிட்டல்’ எனப்படும் இலக்கமுறைச் சாதனங்களை, அதாவது கைபேசி, இடங்காட்டும் கருவி, துணைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவி முதலியவற்றை, ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவற்றை ஒருசேரக் காண்பதற்குரிய இடம் கொச்சியிலுள்ள தோப்பும்படி.

துறைமுகத்தின் நிலை

கொச்சி நகரில் மட்டாஞ்சேரியை அடுத்து, காயலின் கரையில் அமைந்தது தோப்பும்படி. கொச்சி மீன்பிடித் துறைமுகம் இங்கே 1978ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. பாலத்தைக் கடந்தால் வெலிங்டன் தீவு. அங்கே 1957இல் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றது. 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் 1971 முதல் கொச்சி நகரையே தலைமையிடமாகக் கொண்டுள்ளது. மீன்வள ஆராய்ச்சியும் மீன்பிடித் தொழிலும் இத்துணை அண்மையில் அமைந்த நகரங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

இத்துறைமுகத்திற்கு வரும் படகுகள் ஒரே வகையின அல்ல. மத்தி, அயிலை முதலிய மீன்களைக் கூட்டங்கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைப் படகுகள் உண்டு. இழுவலைப் படகுகள் உண்டு. நெடுங்கயிற்றில் பல தூண்டில்களைக் கோத்தும், செவுள்வலை விரித்தும், சூரை, சுறா, நெய்மீன் முதலியவற்றைத் தேடி ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகளும் உண்டு. இவ்வாழ்கடற் படகுகளுள் பல, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூரையும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களையும் சேர்ந்த தமிழ் மீனவர்களுக்கு உரியவை. அவர்கள் புறப்பட்டால் கரை திரும்பப் பல வாரங்கள் ஆகும். எனவே இத்துறைமுகத்தில் மலையாளமும் தமிழும் அருகருகே ஒலிக்கின்றன. பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் மொழிகளும் அவற்றோடு கலந்துள்ளன. ஒரு துறைமுகம், பல தொழில்முறைகள், பல மொழிகள் என்னும் இந்நிலையை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரே கருவி இங்கே ஒருவருக்கு உயிர்த்துணையாகவும், மற்றொருவருக்கு வீண் சுமையாகவும் தோன்றுவதற்கு இதுவே முதற் காரணம்.

எவரும் கற்பிக்காமலே பரவிய கருவி

கேரளத்தின் முதற் கைபேசி அழைப்பு 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் நிகழ்ந்தது. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. கடற்கரை மக்களின் வாழ்வை ‘செம்மீன்’ என்னும் நாவலில் சித்திரித்தவர் அவரே. எதிர்முனையில் இருந்தவர் தென்மண்டலக் கடற்படைத் தளபதி ஏ. ஆர். டாண்டன். அன்று கைபேசி செல்வர்களின் பொருள். வருகின்ற அழைப்புக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. மீனவர்களுக்கென்று எவரும் அதனை வகுக்கவில்லை. அதனைப் பயன்படுத்துமாறு எந்தத் துறையும் அவர்களை வற்புறுத்தவில்லை. பயிற்சி முகாமும் நடைபெறவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே கேரளக் கடற்கரையில் அது வேரூன்றிவிட்டது.

இதனை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு ஆகிய வடகேரள மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளையும், மத்தி பிடிக்கும் 300 மீன்பிடிக் குழுக்களையும் 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் கணக்கெடுத்தார். கைபேசி வருவதற்குமுன் இருந்த நிலையைக் காட்ட அவர் தரும் ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. 1997 ஜனவரி 14 அன்று வடகரைச் சந்தையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றித் தம் மீனைக் கொட்டிவிட நேர்ந்தது. அதே வேளையில் அங்கிருந்து 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் 27 வணிகர்கள் மீன் கிடைக்காமல் திரும்பும் நிலையில் இருந்தனர். ஒரு கரையின் மிகுதியை மறுகரை அறியவில்லை.

கடற்கரையோரக் கோபுரங்கள் எழுந்தபின் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டர் வரை கடலுக்குள்ளும் கைபேசி வேலை செய்தது. மத்தி பிடிக்கும் படகுகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் தொழில் செய்பவை. கடலில் இருந்தபடியே, எக்கரையில் என்ன விலை என்று கேட்டறிந்து, அக்கரைக்குப் படகைத் திருப்ப இயன்றது. 2001ஆம் ஆண்டுக்குள் படகுகளுள் 60 முதல் 75 விழுக்காடு வரை கைபேசி வைத்திருந்தன. சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேற்றுமை பெரிதும் குறைந்தது. முன்பு நாள்தோறும் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணாகிவந்த மீன் வீணாகாமல் விற்றது. மீனவர் வருவாயில் எஞ்சியது சராசரி 8 விழுக்காடு உயர்ந்தது; வாங்குவோர் தரும் விலை 4 விழுக்காடு குறைந்தது.

எழுத்தறிவு குறைந்தவர் எனக் கருதப்பட்டோர், விலை மிக்க ஒரு கருவியை, எவருடைய ஊக்குவிப்பும் இன்றி, இத்துணை விரைவில் ஏற்றனர். புதுமையைக் கண்டு மக்கள் அஞ்சுகின்றனர் என்னும் கூற்று இங்கே பொருந்தவில்லை என்பது வெளிப்படை.

ஏற்புக்குரிய காரணங்கள்: ஆராய்ச்சியாளர் வகுத்த முறை

மக்கள் ஏன் ஏற்கின்றனர் என்னும் வினா கைபேசிக்கு முற்பட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய வரலாற்றை பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் இருவர் 1943இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த 259 உழவர்களுள் இருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் அவ்விதையை இறுதியில் ஏற்றனர். ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் ஆயிற்று. விதை என ஒன்று உண்டு என்று உழவர்களுக்கு முதலில் தெரிவித்தவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். விதைக்கத் துணியச் செய்தவர்களோ அண்டை வயற்காரர்கள். துணிந்தவர்களும் முழு நிலத்தையும் ஒரே முறையில் மாற்றிவிடவில்லை. ஒரு துண்டு நிலத்தில் இட்டுப் பார்த்து, அடுத்த ஆண்டு சிறிது விரித்து, பின்னரே முழுதும் மாறினர்.

இவ்வகை ஆராய்ச்சிகளைத் தொகுத்து எவரெட் ரோஜர்ஸ் 1962இல் ஒரு நூல் எழுதினார். ஒரு புதுமை பரவும் வேகத்தை ஐந்து இயல்புகள் தீர்மானிக்கின்றன என்பது அவர் கருத்து. அவையாவன:

1. அனுகூலம்: பழையதைக் காட்டிலும் இது எவ்வளவு நன்மை தருகின்றது?
2. இணக்கம்: தொழில்முறைக்கும் வழக்கத்துக்கும் பொருந்துகின்றதா?
3. எளிமை: கற்கவும் கையாளவும் சிரமமில்லையா?
4. சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு: சிறு அளவில், பெரும் இழப்பின்றி முயன்று பார்க்கலாமா?
5. கண்கூடு: பயன் பிறர் கண்ணுக்குத் தெரிகின்றதா?

கணிப்பொறி அலுவலகங்களில் பரவிய காலத்தில், பிரெட் டேவிஸ் என்பார் 1989இல் இதனை இன்னும் சுருக்கினார். ஒருவர் ஒரு கருவியைப் பயன்படுத்துவாரா என்பதை, ‘இது எனக்குப் பயன்படும்’ என்னும் எண்ணமும், ‘இதைக் கையாளுவது எளிது’ என்னும் எண்ணமுமே பெரிதும் முடிவு செய்கின்றன என்றார். கருவியின் உண்மைப் பயனைவிட, பயன் உண்டு என்று பயனாளி கருதுவதே செயலுக்குக் காரணமாகின்றது என்பது இதன் உட்பொருள். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷ் என்பாரும் அவருடைய குழுவினரும் அதற்கு முன்னிருந்த எட்டுக் கோட்பாடுகளை ஒன்றிணைத்து நான்கு காரணங்களை நிலைநாட்டினர்: எதிர்பார்க்கும் பயன், எதிர்பார்க்கும் முயற்சி, சுற்றத்தாரின் செல்வாக்கு, துணைநிற்கும் வசதிகள். வயது, ஆண் பெண் வேறுபாடு, முன் அனுபவம், தாமாக விரும்பி ஏற்றனரா கட்டாயத்தால் ஏற்றனரா என்பன, இக்காரணங்களின் வலிமையைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் என்றனர்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. கைபேசி ஏன் பரவிற்று என்பதோடு ஒட்டிப் பார்த்தால் தாமே விளங்கும். விலையறிந்து படகைத் திருப்பிய முதல் நாளிலேயே அனுகூலம் கையில் வந்தது. பேசுவது எவருக்கும் புதிதன்று. ஆகவே இணக்கம் இருந்தது. எண்களை அமுக்கத் தெரிந்தால் போதும். ஆகவே எளிமை இருந்தது. பக்கத்துப் படகின் கைபேசியில் ஒரு முறை பேசிப் பார்க்கலாம். ஆகவே சோதிக்க வழி இருந்தது. நல்ல விலை பெற்று வந்தவனைக் கரையில் அனைவரும் கண்டனர். ஆகவே பயன் கண்கூடாயிற்று. ஐந்தும் ஒருங்கே அமைந்த கருவிக்குப் பிரசாரம் தேவைப்படவில்லை.

கையில் இருந்தும் பயன்படாமை

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. வடகேரளத்தில் மத்தி பிடிப்போரிடம் கண்டதை எல்லாக் கரைகளுக்கும் பொதுவாக்குதல் கூடாது. ஜானகி ஸ்ரீநிவாசன், ஜென்னா பரல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் கேரள மீனவர்களை மீண்டும் நேரில் ஆராய்ந்து, 2013இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். மீன்பிடி முறைகளும் விற்பனை முறைகளும் கரைக்குக் கரை வேறுபடுவதையும், கடன், ஏலம் முதலிய ஏற்பாடுகள் கைபேசியின் பயனை வரையறுப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். படகுக்கும் வலைக்கும் டீசலுக்கும் ஒருவர் தரகரிடம் முன்பணம் பெற்றிருக்கிறார் எனக் கொள்வோம். பிடித்த மீனை அத்தரகர் வழியாகவே ஏலத்தில் விடுவதாக அவர் வாக்களித்துள்ளார். அடுத்த துறையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்று கைபேசி கூறினும், அவர் அங்கே செல்ல இயலாது. சென்றால் அன்றைக்கு ஆதாயம். ஆனால் அடுத்த முறை வலை கிழிந்தால் கைகொடுப்பார் இல்லை. அவர் விலை கேட்காமல் இருப்பது அறியாமையன்று; தம் நிலையை நன்கறிந்தே அவ்வாறு செய்கிறார். அதே மனிதர் அதே கைபேசியில், மீன்கூட்டம் எங்கே தென்பட்டது என்று உறவினர் படகுக்குச் சொல்கிறார், பொறி பழுதானால் உதவிக்கு அழைக்கிறார், வீட்டாரோடு பேசுகிறார். நாம் எதிர்பார்த்த பயன் ஒன்று. அவர் கண்ட பயன் வேறொன்று.

இதற்கு முன்னுதாரணமும் கேரளக் கடற்கரையிலேயே உண்டு. 1952இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இந்திய-நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953இல் தொடங்கப்பெற்றது. சிறு மீனவர்களின் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தி, அவர்கள் பிடிக்கும் மீனையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவது அதன் நோக்கம். ஆனால் விசைப்படகுகள் பெருகுவதற்கு வலிய தூண்டுதலாக அமைந்தது, இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் கிடைத்த விலையாகும். திட்டம் வகுத்தோர் மனத்தில் முன்நின்ற காரணம் ஒன்று. கரையில் வெற்றி பெற்ற காரணம் மற்றொன்று.

வானிலிருந்து வரும் வழிகாட்டல்

இனி, மக்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு சாதனத்தைக் காண்போம். ஐதராபாதில் 1999இல் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவித்துவருகின்றது. இதன் தத்துவம் எளியது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்த் தாவரங்களே கடலுணவுச் சங்கிலியின் முதற்கண்ணி. அவை மிகுந்த இடத்தில் நீரின் நிறம் மாறும். குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் எல்லைகளில் அவை செழிக்கும். துணைக்கோள்கள் கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் வானிலிருந்தே அளக்கின்றன. அவற்றைக் கொண்டு, இன்ன துறையிலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டர் தொலைவில், இத்தனை ஆழத்தில் மீன்கள் கூடும் வாய்ப்புண்டு என்று வட்டார மொழிகளில் செய்தி அனுப்பப்படுகின்றது.

அறிவியல் நோக்கில் சிறந்த இச்சேவையைப் படகுத் தலைவர் எவ்வாறு எடைபோடுவார்? ‘ஸ்ராங்கு’ என்று இங்கே அழைக்கப்படும் அவருடைய இடத்தில் நின்று பார்ப்போம். செய்தியைச் சோதித்துப் பார்க்க அவர் அவ்விடத்திற்கே செல்ல வேண்டும். அதற்கு டீசல் செலவாகும். உழவர் ஒரு துண்டு நிலத்தில் விதைத்துப் பார்ப்பது போன்ற சிறு சோதனைக்கு இங்கே இடமில்லை. மீன் கிடைக்காவிடில், இழப்பு அவரோடு நில்லாது. பங்குமுறையில் வேலை செய்யும் குழுவினர் அனைவரையும் தாக்கும். மேகம் மூடிய நாள்களில் துணைக்கோள் கடற்பரப்பைக் காணாது; செய்தியும் வராது. அன்றியும், செய்தி அனைவருக்கும் பொது. ஒரே இடத்தில் பல படகுகள் கூடும் என்று அவர் ஐயுறலாம். தலைமுறையாக நீரின் நிறத்தையும் பறவைகளையும் நீரோட்டத்தையும் கண்டு மீனைத் தேடிய அறிவு அவரிடம் உண்டு. அவ்வறிவைத் தள்ளிவிட்டு இதனை ஏற்குமாறு கூறினால் அவர் தயங்குவது இயல்பு.

இதற்கு மாறாக, இடங்காட்டும் கருவி ஆழ்கடற் படகுகளில் ஏன் நிலைபெற்றது என்பதையும் ஒப்பிடுக. மீன் கிடைத்த பாறைத் திட்டின் இருப்பிடத்தைத் தம் கருவியில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை நேரே அங்கே செல்லலாம். அஃது அவருடைய சொந்த அறிவை அழிக்கவில்லை; சேமித்துத் தந்தது. பழைய அறிவோடு கைகோக்கும் கருவி விரைவில் ஏற்கப்படும் என்பதே இவ்வொப்பீட்டின் பாடம். மீன் கூடும் பகுதி பற்றிய செய்தியை விளக்கும் ஊழியர், “உங்கள் அனுபவம் காட்டும் இடத்தோடு இச்செய்தி எத்தனை முறை ஒத்துவருகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்” என்று தொடங்குவாராயின், செலவில்லாத ஒரு சோதனை முறையைத் தந்தவராவார்.

ஓகிப் புயல் காட்டிய உண்மை

கருவியை ஏற்பதும் மறுப்பதும் வருவாயைப் பற்றிய வினா மட்டும் அன்று. சில வேளை அஃது உயிரைப் பற்றிய வினா. 2017 நவம்பர் இறுதியில் உருவான காற்றழுத்தம் நவம்பர் 30 அன்று குமரிக் கடற்பகுதியில் ஓகி என்னும் புயலாக வலுத்தது. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். பல நாள்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த படகுகளில் இருந்தோருக்கு எச்சரிக்கை சென்றடைய வழியில்லை. கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசி ஊமையாகிவிடும். படகிலிருந்த வானொலிப் பேசியின் எல்லையும் சில பத்துக் கடல் மைல்களே. மத்தி பிடிப்போருக்கு உற்ற துணையான அதே கைபேசி, ஆழ்கடல் செல்வோருக்கு அந்நாளில் உதவவில்லை. ‘துணைநிற்கும் வசதிகள்’ என்று நூல்களில் படிக்கும் சொற்றொடரின் முழுப் பொருள் இதுவே. கருவி இருந்தது, பயன்படுத்தும் திறமையும் விருப்பமும் இருந்தன, அதனைத் தாங்கும் அலைவரிசை இல்லை.

இதன்பின் துணைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவிகளில் முயற்சி மிகுந்தது. ‘ஜெமினி’ என்னும் கருவி 2019 அக்டோபரில் அறிமுகமாயிற்று. ‘ககன்’ துணைக்கோள் அமைப்பின் வழியே புயல், பேரலை, மீன் கூடும் பகுதி ஆகியவை பற்றிய செய்திகளை, கைபேசி எட்டாத தொலைவிலும் பெற்று, படகிலுள்ள கைபேசித் திரையில் காட்டுவது அது. ஆயினும் அது செய்தியைப் பெறுமேயன்றி அனுப்பாது. கரை பேசும், கடல் பேச இயலாது. அவரைக் கேளாமல் செய்தி கூறும் கருவியைவிட, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல உதவும் கருவியையே புயலில் சிக்கிய மனிதர் வேண்டுவார். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் செயற்படுத்திய இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவி, ஆபத்தில் இருப்பவர் அனுப்பிய செய்தி கிடைத்துவிட்டது என்பதை அவருக்கே திருப்பி அறிவிக்கின்றது. மறுமொழி வரும் என்பது சிறு வசதிபோல் தோன்றலாம். நம்பிக்கை பிறப்பதோ அதில்தான்.

நம்பிக்கையும் ஐயமும்

2024 ஆகஸ்ட் 30 அன்று, 1,00,000 மீன்பிடிப் படகுகளில் தொடர்புக் கருவிகளைக் கட்டணமின்றிப் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இக்கருவி இருவழியிலும் குறுஞ்செய்தி செலுத்தும்; படகின் இருப்பிடத்தையும் கரைக்கு அறிவிக்கும்; கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். கருவி இலவசம், ஆகவே விலை ஒரு தடையன்று. ஆனால் விலையில்லாப் பொருளுக்கும் மக்கள் மனத்தில் ஒரு விலை உண்டு. “என் படகு எங்கே நிற்கிறது என்பதை யார் யார் பார்ப்பார்கள்? நான் பல்லாண்டு தேடிக் கண்ட மீன்பிடி இடம் பிறருக்குத் தெரிந்துவிடுமா? என்னைக் காப்பதற்கா இது, கண்காணிப்பதற்கா?” என்னும் வினாக்கள் எழும். இவை நேர்மையான வினாக்கள். இவற்றிற்கு மழுப்பலான விடை தரும் ஊழியர், கருவியைப் பொருத்திவிட்டு வரலாம். அது தொடர்ந்து இயங்கும் என்று உறுதி கூற இயலாது. விடை தெரியாவிடில், “கேட்டுவந்து சொல்கிறேன்” என்று கூறி, அவ்வாறே கேட்டுவந்து சொல்லுதல் நலம்.

பழகிய வழியில் புதிய செய்தி

புதிய கருவியை ஒவ்வொருவர் கையிலும் திணித்தால்தான் பயன் கிட்டும் என்பதில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரத்தில் தகவல் கிராமங்களை அமைத்தது. அவற்றுள் வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கிருந்த நிலையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பைக் கணிப்பொறியில் பெற்று, தமிழாக்கி, ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுதும் கேட்கச் செய்தனர். கணிப்பொறியைத் தொட்டது ஒருவர். பயனடைந்தவர்கள் கடலுக்குச் செல்வோர் அனைவரும். எழுத்தறியாதவரும் பயன்பெற்றனர்; செய்தியை ஊரே சேர்ந்து கேட்டதால் அதன்மேல் பேச்சும் நம்பிக்கையும் வளர்ந்தன.

கேரளத்தில் 2002 நவம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த ‘அட்சய’ திட்டமும் இத்தகைய ஒரு கருத்தையே கொண்டது. மலப்புரம் மாவட்டத்தில் குடும்பத்திற்கு ஒருவருக்கேனும் கணிப்பொறியின் அடிப்படையைக் கற்பிப்பது அதன் முதற் குறிக்கோள். கற்பித்ததோடு நில்லாமல், ஐயம் எழும்போது சென்று கேட்க அருகில் ஒரு நிலையமும் இருந்தது. வீட்டில் ஒருவர், தெருவில் ஒரு நிலையம் என்னும் இவ்வமைப்பு, தனி மனிதரின் அச்சத்தைக் குறைக்க வல்லது.

தோப்பும்படி போன்ற துறைமுகத்தில் இதனைப் பொருத்திப் பார்த்தால் சில நடைமுறை உண்மைகள் புலப்படும். ஈரமும் உப்பும் படிந்த விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்காது. வெயிலில் சிறு எழுத்துகள் தெரியா. மலையாளத்தில் வந்த செய்தியைத் தூத்தூர்ப் படகில் உள்ளவர் கேட்டுப் புரிந்துகொள்வார். ஆயின் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாமற்போகலாம். எனவே எழுத்தைவிடக் குரல் பயன்தரும். மீன் விற்கும் பெண்களுக்குச் செய்தி சேரவேண்டுமாயின், வீட்டிலுள்ள கைபேசி பகற்பொழுதில் யாரிடம் இருக்கின்றது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

கள ஊழியர் கடைப்பிடிக்கத் தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து பெறத்தக்க நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

1. கருவியை எடுத்துச் செல்வதற்குமுன், அவ்வேலையை மக்கள் இப்போது எவ்வாறு செய்கின்றனர் என்பதை ஒரு நாள் முழுதும் உடனிருந்து காண்க.
2. யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று கணக்கிடுக. கடன் கொடுத்தவர், தரகர், படகு உரிமையாளர், கூலியாள் ஆகிய ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க.
3. சிறு அளவில், செலவின்றி அல்லது குறைந்த செலவில், சோதித்துப் பார்க்க வழி செய்க. சோதனையில் தோல்வி நேர்ந்தால் அதனை மறைக்காமல் பதிவு செய்க.
4. முதலில் ஏற்கும் ஒருவரைத் தேர்வதில் கவனம் தேவை. அனைவரினும் வசதி மிக்கவரின் வெற்றி பிறருக்கு வழிகாட்டாது. “அவருக்கென்ன, தாங்கும்” என்று ஒதுக்கிவிடுவர். தம்மைப் போன்ற ஒருவர் பயன்பெற்றதைக் கண்டால்தான் மற்றவர் துணிவர்.
5. கருவி எங்கே உதவாது என்பதை முன்கூட்டியே சொல்லுக. எல்லையைக் கூறாமல் புகழப்பட்ட கருவி, முதல் ஏமாற்றத்திலேயே கைவிடப்படும். ஆபத்து வேளையில் அதனை நம்பியிருந்தவர் உயிரும் போகக்கூடும்.
6. பழுது பார்ப்பார் யார், எங்கே, எத்தனை நாளில் என்பதற்கு விடை இல்லாமல் எந்தக் கருவியையும் வழங்கற்க.
7. மறுப்பவர் கூறும் காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவந்து மேலிடத்திற்கு அனுப்புக. அடுத்த கருவியைத் திருத்தி அமைப்பதற்கு அதைவிடச் சிறந்த குறிப்பு விஞ்ஞானிக்கு வேறெங்கும் கிடையாது.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பில் நடத்துவோர், மாணவர்களைத் தத்தம் வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு சாதனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அதனை வீட்டில் முதலில் பயன்படுத்தியவர் யார், கடைசியாக ஏற்றவர் யார், இன்னும் தொடாதவர் யார், ஒவ்வொருவரும் கூறும் காரணம் என்ன என்று கேட்டு எழுதிவரச் செய்க. ரோஜர்ஸ் கூறிய ஐந்து இயல்புகளுள் எது இருந்தது, எது இல்லை என்று வகுப்பில் ஒப்பிடுக. பாட்டியார் கைபேசியைத் தொட மறுப்பதற்குக் கண்பார்வை காரணமா, பிழைபட அழுத்தினால் பணம் போய்விடும் என்னும் அச்சம் காரணமா, சொல்லித் தருபவர் பொறுமையின்றிப் பறித்துக்கொள்வது காரணமா என்று ஆராயும் மாணவன், கோட்பாட்டையும் கற்பான். முதியோரிடம் பணிவையும் கற்பான்.

கீழ்க்காணும் வினாக்களைக் கலந்துரையாடலுக்குக் கொள்ளலாம்:

1. மத்தி பிடிப்போருக்குக் கைபேசி பயன்பட்ட அளவிற்கு ஆழ்கடல் செல்வோருக்கு ஏன் பயன்படவில்லை?
2. தரகரிடம் கடன்பட்ட மீனவருக்கு விலைச்செய்தி பயன்தர வேண்டுமாயின், கைபேசியைத் தவிர வேறு எம்மாற்றம் தேவை?
3. வீராம்பட்டினத்தின் ஒலிபெருக்கி, ரோஜர்ஸ் கூறிய இயல்புகளுள் எவற்றை நிறைவேற்றியது?
4. உங்கள் ஊரில் மக்கள் கைவிட்ட ஒரு கருவியைக் கூறுக. அவர்கள் கைவிட்டது சரியான முடிவாக இருந்திருக்கலாமா?

நான்காம் வினா அனைத்தினும் முக்கியமானது. அதற்கு ‘ஆம்’ என்னும் விடையும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் ஊழியரிடமே மக்கள் மனம் திறந்து பேசுவர். தோப்பும்படித் துறையில் படகை அணைத்துவிட்டு, டீசல் கணக்கையும் ஏலத் தொகையையும் மனத்திலே கூட்டிப் பார்த்துக்கொண்டு கரையேறும் மனிதர், நாம் கையில் கொடுக்கும் கருவியையும் அதே கணக்கில் வைத்தே எடை போடுகிறார். அக்கணக்கை அவரிடமே கேட்டறிந்த பின்னர், கருவியைப் பற்றிய நம் பேச்சைத் தொடங்குவோமாக.